மூன்று சில்லுக்கு ஒரு ஸ்பொயிலர்

எங்கள் மாற்றுத்திறனாளிகள் விளையாட்டு விழாவின் அறிக்கையொன்றில், ‘நேரகாப்பாளர் குறிப்பு’ என்ற தலைப்பின் கீழ், என் கையெழுத்தில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது: “மூன்று சில்லு கைவண்டி ஓட்டம். போட்டியாளர் செல்வராணியின் வண்டியில் ஸ்பொயிலர் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. நேரகாப்பாளர் தமது கடும் ஆட்சேபணையைப் பதிவு செய்கிறார்.” அந்த ஆட்சேபணையை நான் இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை. வாங்கும் உத்தேசமும் இல்லை.

அந்த ஸ்பொயிலரைப் பூட்டியவருக்கும் ஊரில் ஸ்பொயிலர் என்றுதான் பெயர். அவருடைய சொந்தப் பெயர் பிறப்புச் சான்றிதழில் இருக்கக்கூடும். திருகோணமலையில் சில்லு, அதாவது சக்கரம், பூட்டிய எந்தப் பொருளுக்கும் நிம்மதி இல்லாமல் செய்த ஒரே மனிதர் அவர். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. துறைமுகத்தில் கப்பல் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதுவதே உத்தியோகமாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மிகைப்படுத்தும் பழக்கம் இருந்திருந்தால் அங்கே ஒரு வாரம் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தயக் கார்களின் பின்புறத்தில் செட்டை மாதிரிக் குறுக்கே ஒரு தகடு நிற்குமே, அதற்குப் பெயர் ஸ்பொயிலர். வேகமாகப் போகும் காரைக் காற்று தூக்கிவிடாமல் அது தரையோடு அமுக்கி வைத்திருக்குமாம். உட்துறைமுக வீதியில் குழிக்குக் குழி நின்று போகிற ஓட்டோவைக் காற்று ஏன் தூக்கப்போகிறது என்று கேட்க ஊரில் ஒருவரும் இருக்கவில்லை. கேட்ட ஒரே ஆள் நான்.

அவருடைய கராஜ் உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் இருந்தது. ஓட்டோக்காரர்கள்தான் வாடிக்கை. பளபளக்கும் சில்லு, நிறம் மாறும் விளக்கு, லொறி ஹோர்ன், சீறுகிற சைலன்சர் என்று எதைக் கேட்டாலும் பூட்டிக் கொடுப்பார். கேட்காவிட்டாலும் பூட்டிக் கொடுப்பார். ஐஸ்கிறீம் விற்கிறவரின் தள்ளுவண்டிக்கு ஸ்பொயிலர் வைத்தார். மீன் வியாபாரியின் மோட்டார் சைக்கிளில், பெட்டிக்குப் பின்னால் ஒன்று வைத்தார். அதில் ஒரு காகம் நிரந்தரமாகக் குடியேறி, ஓடுகிற வண்டியிலேயே மீன் தின்று கொழுத்தது. என் பக்கத்து வீட்டுக்காரர் பேரப்பிள்ளையின் நடைவண்டிக்குச் சில்லு மாற்றக் கொடுத்தார். அது திரும்பி வந்த கோலத்தை நான் விவரிக்கப் போவதில்லை. நடக்கப் பழகுகிற குழந்தைக்கு எதற்கு ஸ்பொயிலர் என்று அவர் கேட்டதற்கு, “விழாமல் இருக்கத்தான்” என்று பதில் வந்ததாம்.

வேலையைத் தொடங்குமுன் வண்டிக்கு என்ன குறை என்று அவர் கேட்பதில்லை. வாடிக்கையாளரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்திவிட்டு, ஒரேயொரு கேள்வி கேட்பார்: “றோட்டில ஆர் உங்களை முந்திக்கொண்டு போறது?” கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கையிலே இரும்பு சீவுகிற கிறைண்டரை எடுத்து ஓட விட்டுவிடுவார். அந்த இரைச்சலுக்குள் வாடிக்கையாளர் வாயை அசைத்துக்கொண்டிருப்பார். பதில் எதுவானால் என்ன, மருந்து ஒன்றுதானே.

நானும் அந்தக் கதிரையில் இருந்தவன். ஓய்வு பெற்றபின் வாங்கிய என் ஓட்டோவுக்கு, வடகீழ்ப் பருவமழைக்கு முன் ஒரு மழைத்திரை தைக்கக் கொடுத்தேன். மழைத்திரை மட்டும் என்று மும்முறை சொன்னேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், மழைத்திரை இருந்தது. கூரையின் பின் விளிம்பில், சிவப்பு நிறத்தில், வாழையிலை அகலத்துக்கு இன்னொன்றும் இருந்தது.

“என்ன இது?” என்றேன்.

“பின்னால காத்துக் குழம்புது அண்ணை. அதுதான் வைச்சனான்.”

“நான் இருபதில ஓடுறவன். அதில காத்து எப்பிடிக் குழம்பும்?”

“அதுதான் அண்ணை பிரச்சினை. காத்தே உங்களை முந்திக்கொண்டு போகுது.”

கழற்றச் சொன்னேன். கழற்றினால் மழைத்திரையும் கழன்றுவிடும், இரண்டையும் ஒரே ஆணியில்தான் பூட்டியிருக்கிறேன் என்றார். அந்த மழைக்காலம் முழுவதும், மணிக்கு இருபது கிலோமீற்றர் வேகத்தில், நனையாமலும் தலைகுனிந்தும் நான் அந்த நகரத்தில் ஓடினேன். சந்தியில் நிற்கிற இளம் ஓட்டோக்காரர்கள் எனக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்கள்.

இனி ராணியக்காவின் கதைக்கு வருகிறேன். செல்வராணி என்பது முழுப்பெயர். பஸ் நிலையத்துக்கு அருகே லொத்தர் பரிசுச் சீட்டு விற்கிறவர். இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே இல்லை. எதற்கும் திகதி கேட்கிற நான்கூட அது எப்போது, எப்படி என்று அவரிடம் கேட்டதில்லை. அவருடைய வாகனம் மூன்று சில்லுக் கைவண்டி. முன்னால் ஒரு சில்லு, பின்னால் இரண்டு. நெஞ்சு உயரத்தில் இருக்கிற பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சைக்கிளுக்குக் காலடியில் ஓடுகிற செயின் இதற்கு முன்னால், கைக்கெட்டும் இடத்தில் ஓடும். ஆசனத்துக்குப் பின்னால், பிறர் தள்ளிவிட வசதியாக, ஒரு குறுக்குக் கம்பி உண்டு.

அந்தக் குறுக்குக் கம்பிதான் ராணியக்காவின் எதிரி. மேட்டில் அவர் மூச்சு வாங்கினால் போதும், பின்னாலிருந்து யாராவது வந்து தள்ளுவார்கள். கேட்காமல் தள்ளுவார்கள். அவர் இளைப்பாற நிற்கிறாரா, வீதியைக் கடக்க நிற்கிறாரா, சீட்டு விற்க நிற்கிறாரா என்று பார்ப்பதில்லை. ஒருமுறை வாடிக்கையாளரிடம் மிச்சக் காசு கொடுத்துக்கொண்டிருந்தவரை ஒரு புண்ணியவான் வீதியின் அடுத்த பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்துவிட்டார்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியது. பொறுக்க ஏலாதது, ஸ்பொயிலர் பூட்டிய விழாவுக்கு முதல் வருட விழாவில் நடந்தது. கைவண்டி ஓட்டத்தில் ராணியக்கா கடைசியாக வந்துகொண்டிருந்தார். மைதானத்தில் பாதிச் சுற்று மிச்சம். விழாச் செயலாளர் ஓடிப்போய்க் குறுக்குக் கம்பியைப் பிடித்து, எல்லைக் கோடுவரை தள்ளிக்கொண்டு வந்தார். பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். படமும் எடுத்தார்கள். படத்தில் செயலாளர் சிரிக்கிறார். ராணியக்காவின் இரண்டு கைகளும் பெடலில் இல்லை, மடியில் கிடக்கின்றன. அன்று நான் எழுதின குறிப்பில், அவருடைய பெயருக்கு நேரே நேரம் எதுவும் இல்லை. தள்ளி வந்த வண்டிக்கு நேரம் எழுத விதியில்லை. யாருடைய நேரத்தை எழுதுவது, செயலாளருடையதையா?

“ஐயா,” என்று அன்று பின்னேரம் ராணியக்கா என்னிடம் சொன்னார், “நான் கடைசியா வாறதைப் பற்றிக் கவலைப்படேல்ல. நானே வரவேணும். அடுத்த முறையும் தள்ளிச்சினமெண்டால், இந்தப் பக்கமே வரமாட்டன்.”

அடுத்த விழாவுக்கான விதிகளில் ‘வெளியார் எவரும் வண்டியைத் தொடலாகாது’ என்று ஒரு வரியை நான் சேர்த்தேன். செயலாளர் அதை வாசித்து, நல்ல வரி என்று பாராட்டினார். தன்னைப் பற்றியது என்று அவருக்குக் கடைசிவரை தோன்றவில்லை.

விழாவுக்கு முந்திய மாதத்தில், என் ஓட்டோவின் ஹோர்ன் பற்றிச் சண்டை பிடிக்க நான் கராஜுக்குப் போயிருந்தேன். (தவளை போல இருந்ததை அவர் யானை போல ஆக்கியிருந்தார். யானைகள் நடமாடும் தம்பலகாமத்தில் அதை அடித்தால் பதில் வரும் என்று பயந்தே நான் அந்தப் பக்கம் போகவில்லை.) அந்த நேரத்தில் ராணியக்கா ஒட்டுப் போட வந்தார். பின் சில்லில் காற்று நிற்கவில்லை. அவ்வளவுதான் முறைப்பாடு.

ஸ்பொயிலர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இது பந்தய வண்டியா என்று கேட்டார். விழாவுக்கு ஓட்டுவது உண்டு என்று ராணியக்கா வாயைத் திறந்ததுதான் தாமதம், ஸ்பொயிலரின் முகம் மாறிவிட்டது. ஓட்டோக்களோடு காலம் கழித்த மனிதர் முதல்முறையாக ஓர் உண்மையான பந்தய வாகனத்தைக் காண்கிறார்.

“ஆரக்கா உங்களை முந்திக்கொண்டு போறது?”

கிறைண்டர் ஓடத் தொடங்கிவிட்டது. ராணியக்கா அதன் இரைச்சலுக்குள் பதில் சொன்னார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றபடியால் எனக்குக் கேட்டது. “முந்துறவை முந்தட்டும் தம்பி. பின்னால வந்து தள்ளுறவையைத்தான் நிப்பாட்ட வேணும்.” ஸ்பொயிலர் குனிந்த தலை நிமிரவில்லை. தீப்பொறி பறந்துகொண்டிருந்தது.

அதன்பின் அந்த வண்டிக்கு நடந்தவற்றைக் கோபம் இல்லாமல் எழுத என்னால் ஏலாது. முதலில் நிறை குறைக்கிறேன் என்று சொல்லி, இரும்பில் கண்ட கண்ட இடமெல்லாம் துளை போட்டார். ஆசனச் சட்டத்தில் துளை, பிறேக் பிடியில் துளை, லொத்தர் சீட்டு வைக்கும் பெட்டியிலும் துளை. மழை பெய்தால் சீட்டு நனையுமே என்றேன். பரிசு விழாத சீட்டுத்தானே அண்ணை என்றார். பிறகு பழைய சில்லுகளைக் கழற்றிவிட்டு, பந்தயச் சைக்கிளின் மெல்லிய சில்லுகளைப் பூட்டினார். பெடலோடு சுற்றுகிற பல்சில்லை எடுத்துவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பை அளவில் பெரிய ஒன்றைப் போட்டார். ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி முந்தியதைவிட இரண்டு மடங்கு தூரம் போகும் என்பது அவருடைய கணக்கு. அந்த ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு பலம் வேண்டும் என்பது என்னுடைய கணக்கு. ராணியக்கா இரண்டு கணக்கையும் கேட்டுவிட்டு, தன் புயத்தைத் தடவிப் பார்த்து, “ஏலும்” என்றார்.

இப்படிப் பாடுபட்டுக் குறைத்த நிறை முழுவதையும் அவர் அலங்காரத்தால் திரும்ப ஏற்றினார். லொறி ஹோர்ன். அதற்கு ஒரு பற்றரி. பற்றரிக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குத் துளை. நீல விளக்கு. கடைசியாக, ஆசனத்தின் பின்னே, குறுக்குக் கம்பியின் மேல், தேர்த்தட்டு அகலத்தில் மஞ்சள் ஸ்பொயிலர். அதற்கு மெழுகு போட்டு மினுக்கியிருந்தார். பார்த்தால் முகம் தெரிந்தது. தெரிந்த என் முகம் சிவந்திருந்தது.

விழா சனிக்கிழமை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அது பிழை. ஓட்டத்துக்கு முன் வண்டிகளைப் பரிசோதிப்பது என் பொறுப்பு. கடற்கரையோர மைதானத்தில், வழக்கம்போல ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு மூன்று எல்லைக் கோட்டருகே மேய்ந்துகொண்டு நின்றன. ஸ்பொயிலர் தம் கைக்குட்டையால் மஞ்சள் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் ஒட்டியிருந்த இலக்கத் தாளை ஒரு மான் வந்து நிதானமாக உரித்துத் தின்றது. அந்த மானுக்கு இருந்த விவேகம் எனக்குப் பிடித்திருந்தது.

இந்தத் தகட்டைக் கழற்றினால்தான் ஓடலாம் என்றேன்.

“விதியில எங்க அண்ணை இருக்கு?”

விதிகளை எழுதியவன் நான். மோட்டார் கூடாது, வெளியார் தொடக் கூடாது, அவ்வளவுதான் இருந்தது. ஸ்பொயிலர் பூட்டுகிற ஒரு பிறவி இருக்கும் என்று எந்த விதிக்குழு நினைத்துப் பார்க்கும்?

“இது ஓட்டத்துக்கு என்ன செய்யும் எண்டு நீர் சொல்லும் பாப்பம்.”

“காத்து அண்ணை,” என்றார், மிகப் பொறுமையாக.

நான் ஆட்சேபணையை எழுதிவிட்டு விசிலை எடுத்தேன். அப்போது மூதூர் மஜீத் தம் வண்டியை ராணியக்காவின் வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வருடாவருடம் முதலாவதாக வருகிறவர் அவர். வாயும் கையளவுக்கு வேகம்.

“என்ன ராணியக்கா, கலியாண வீட்டுக்கா வெளிக்கிட்டீங்க? இந்த முறை தள்ளுறதுக்கு ஆள் சொல்லியாச்சா?”

“உன்னைத்தான் சொல்லலாமெண்டு இருந்தனான். நீ முன்னால ஓடிடுறாயே,” என்றார் ராணியக்கா.

விசில் ஊதினேன். உண்மையை எழுதத்தான் வேண்டும்: முதல் அரைச்சுற்றில் ராணியக்கா இரண்டாவதாகப் போனார். கோப்பைப் பல்சில்லு தன் வேலையைச் செய்தது. மஜீத் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். ஸ்பொயிலர் மைதானத்து ஓரமாக, வண்டிக்குச் சமமாக, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். எனக்கே ஒரு கணம் விசில் வாயில் இருப்பது மறந்துபோனது.

பிறகு செயின் கழன்றது. கழலாமல் என்ன செய்யும்? பல்சில்லைப் பெருப்பித்தவர் செயினை நீட்டும்போது அவசரப்பட்டிருந்தார். ராணியக்கா அங்கேயே நின்றார். ஒவ்வொருவராக எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் முன்னால் குனிந்து, கையெட்டும் தூரத்தில் தொங்கிய செயினைத் தானே பிடித்து, பல்சில்லில் கோத்து, கையெல்லாம் கிறீஸ் ஆகி, பெடலைப் பின்புறமாக ஒருமுறை சுற்றினார். ஏறிவிட்டது. அதற்குள் மஜீத் கோட்டைத் தாண்டிவிட்டார். சாப்பாட்டுப் பார்சலுக்கு வரிசையும் தொடங்கிவிட்டது.

ராணியக்கா மறுபடி சுற்றத் தொடங்கினார். மெதுவாக. பாதிச் சுற்று மிச்சம். போன முறையும் அதே இடந்தான். செயலாளரின் முகத்தில் அதே இரக்கம் வருவதை நான் கண்டேன். எழுந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையைச் சட்டைப்பைக்குள் செருகினார். ஓடினார். நான் விதியைச் சொல்லிக் கத்தினேன். கைதட்டல் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை.

அவர் பின்னால் போய்க் குறுக்குக் கம்பியைத் தேடினார். கம்பி இல்லை. அதாவது இருந்தது, ஆனால் அதன் மேல் மஞ்சள் தகடு சரிந்து மூடிக்கொண்டு நின்றது. தகட்டில் கை வைத்தார். மெழுகு வழுக்கியது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது. கீழே கைவிட்டுப் பார்த்தார், பற்றரிப் பெட்டி தடுத்தது. பக்கவாட்டில் பிடிக்கப் போனார், சில்லு சுற்றிக்கொண்டிருந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், தலைவாசல் பூட்டியிருக்கும் வீட்டுக்கு வந்த விருந்தாளி போல, அவர் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார். அப்போது ராணியக்கா, திரும்பிப் பாராமலே, லொறி ஹோர்னை அழுத்தினார். செயலாளர் ஒரு பக்கம் துள்ள, மான்கள் ஒரு பக்கம் துள்ள, பார்சல் வரிசை முழுவதும் திரும்பியது.

மூன்றாவது ஆள் வந்ததும் நான் கடிகாரத்தை நிறுத்தியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். மற்றவர்களின் நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. நான் நிறுத்தவில்லை. மஜீத் கோட்டருகே தம் வண்டியைத் திருப்பி நிறுத்திவைத்துக் காத்திருந்தார். சாப்பிடப் போகவில்லை. ராணியக்கா கடைசியாக, தனியாக, கோட்டைத் தாண்டினார். கிறீஸ் கையாலேயே முகத்து வியர்வையைத் துடைத்திருந்தார்.

“ஐயா, எழுதினீங்களோ?”

“எழுதினனான்.”

“ஆரும் தொட்டதெண்டு இல்லைத்தானே?”

“தொட்டவை. பிடிக்க ஏலாமப் போச்சு.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் படம் எடுக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. படம் எடுக்கிறவர்கள் சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். அதைப் பற்றியும் எனக்கு ஆட்சேபணை உண்டு.

நான் நேரே ஸ்பொயிலரிடம் போனேன். அவர் ஒரு மூலையில் குந்தியிருந்து, கழன்ற செயினுக்காகத் தம்மைத் தாமே ஏசிக்கொண்டிருந்தார். இரண்டாவது இடம் போய்விட்டதே என்ற துக்கம். அந்தத் தகட்டை அந்த இடத்தில் தெரிந்துகொண்டுதான் பூட்டினீரா, ராணியக்கா சொன்னது அன்றைக்கு உமக்குக் கேட்டதா என்று கேட்டேன். அவர் என்னை விளங்காதவர் போலப் பார்த்தார்.

“பின்னால காத்துக் குழம்பினது அண்ணை,” என்றார்.

பிறகு ஒரு காலம் வந்தது. பொலிசார் வீதியில் ஓட்டோக்களை மறித்து, மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. வருடக்கணக்காக அந்தத் தகடுகளை எதிர்த்துவந்தவன் நான். நேற்று வந்தவர்கள் எந்த உரிமையில் எதிர்க்கிறார்கள்? கராஜின் முன் வரிசையாக ஓட்டோக்கள் நின்றன. பூட்டிய கையாலேயே அவர் எல்லாவற்றையும் கழற்றினார். என்னுடையதையும் கழற்றினார். மழைத்திரை விழவில்லை. இரண்டுக்கும் வேறு வேறு ஆணிதான் இருந்திருக்கிறது. அதற்காகச் சண்டை பிடிக்க அன்று எனக்கு மனம் வரவில்லை. சில மாதங்களில் அவர் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

ராணியக்காவின் வண்டிக்குப் பொலிஸ் சட்டம் எதுவும் இல்லை. மஞ்சள் தகடு இன்னும் இருக்கிறது. மேட்டில் அவர் மூச்சு வாங்கி நிற்கும்போது பின்னால் வருகிறவர்கள் கையை நீட்டி, பிடி கிடைக்காமல் முன்னுக்கு வந்து, “அக்கா, தள்ளவோ?” என்று கேட்கிறார்கள். சில நாள் ஓம் என்கிறார். பல நாள் வேண்டாம் என்கிறார்.

போன மாதம் ஸ்பொயிலருக்கு வாட்ஸ்அப்பில் அதே கேள்வியைத் தெளிவாக எழுதி அனுப்பினேன்: அன்று கிறைண்டர் சத்தத்தில் ராணியக்கா சொன்னது கேட்டதா, இல்லையா? ஓம் அல்லது இல்லை என்று பதில் தருக. பதிலாக ஒரு படம் வந்தது. வெயிலடிக்கிற ஒரு கட்டட வேலைத்தளம். அங்கே சீமெந்து தள்ளுகிற ஒற்றைச் சில்லு வண்டி. அதன் முன் விளிம்பில் நீலத் தகட்டில் ஒரு ஸ்பொயிலர்.

ஆகவே அவருக்குக் கேட்டதா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை. என் ஓட்டோவின் சிவப்புத் தகடு அலுமாரிக்கு மேல் இருக்கிறது. அதைக் கழற்றியதிலிருந்து, இருபதில் ஓடும்போதுகூட, பின்னால் காற்றுக் குழம்புவது போல எனக்குப் படுகிறது. இதையும் நான் இன்னும் சரிபார்க்கவில்லை.